கோடிங் இன்டர்வியூக்கு போறீங்களா? எதிர்ல உக்காந்திருக்கறவரு எழுதற ஃபார்ம மனசுல வைங்க

இன்டர்வியூ முடிஞ்சு நீங்க லேப்டாப்ப மூடனதும் எதிர்ல இருந்தவரு என்ன செய்வாருன்னு தெரியுமா? ஒரு ஃபார்ம தொறப்பாரு. கேள்விய புரிஞ்சிக்கிட்டாரா, எப்படி யோசிச்சாரு, கோட் ஓடுச்சா, டெஸ்ட் பண்ணிப் பாத்தாரா, இவர்கூட வேலை செய்ய முடியுமா, இப்படி நாலஞ்சு கட்டம் இருக்கும். கம்பெனிக்கு கம்பெனி தலைப்பு மாறும், உள்ள இருக்கற சாமான் ஒன்னுதான். ஒவ்வொரு கட்டத்துலயும் அவரு ரெண்டு வரியாவது எழுதியாகணும், சும்மா "ஓகே"ன்னு போட்டா மேனேஜர் திருப்பி அனுப்பி என்ன ஓகேன்னு கேப்பாரு. நான் மலேசியாவுல, கேஎல்ல (கோலாலம்பூர்ல) இந்த ஃபார்ம எழுதற பக்கம்தான் ரொம்ப நாளா உக்காந்திருக்கேன், அதனால சொல்றேன், நம்ம பிள்ளைங்க நிறைய பேரு கோட் நல்லா எழுதுவாங்க, ஆனா வாயத் தொறக்காம நாப்பது நிமிஷம் தட்டிட்டு "டன்"ன்னு சொல்லுவாங்க. ஓடுச்சாங்கற கட்டத்துல மட்டும் எழுத எனக்கு விஷயம் இருக்கும், மத்த கட்டமெல்லாம் காலி. பக்கத்துல இன்னொருத்தரு பாதி கோட்தான் எழுதியிருப்பாரு, ஆனா பேசிக்கிட்டே செஞ்சதுல அவரு ஃபார்ம் நெறஞ்சிருக்கும். யாருக்கு ஆஃபர் போகும்னு நீங்களே பாத்துக்கங்க.

அதனால கீழ சொல்றதெல்லாம் ஒரே விஷயம்தான், அந்த ஃபார்முக்கு எப்படி தீனி போடறது.

முதல்ல எந்த மாதிரி இன்டர்வியூன்னு எச்ஆர்கிட்டயே கேட்டுருங்க, கேக்கறதுல வெக்கமே வேணாம். எத்தன ரவுண்டு, எவ்வளவு நேரம், எந்த லேங்குவேஜ், ஸ்கிரீன் ஷேரா வைட்போர்டா, கோட் ரன் பண்ண விடுவாங்களா, கூகுள் பண்ணலாமா, இதெல்லாம் கேட்டா சொல்லுவாங்க. ஊருக்கு ஊரு கூட மாறும். பினாங்குல பயான் லெப்பாஸ் பக்கம்னா 1972ல இன்டெல் வந்ததுல இருந்தே அது ஹார்ட்வேர் ஊரு, அங்க எம்பெடட் வேலைக்கு (மெஷினுக்குள்ள இருக்கற சிப்புக்கு கோட் எழுதறது) போனா சி லேங்குவேஜ், பாயின்டர், பிட் விளையாட்டு, வாலடைல்னா என்ன, லிங்க்ட் லிஸ்ட திருப்பிப் போடு, இந்த மாதிரிதான் எதிர்பாக்கணும். ஒரு நம்பர்ல எத்தன ஒன்னு பிட் இருக்குன்னு கேப்பாங்க, நம்பரையும் அதுல ஒன்னு கொறச்சதையும் ஆண்ட் பண்ணா (ரெண்டுலயும் 1 இருக்கற எடத்துல மட்டும் 1 வரும்) கடைசி ஒன்னு பிட் அழிஞ்சிரும், 12க்கு செஞ்சா 8, 8க்கு செஞ்சா 0, ரெண்டு தடவைல முடிஞ்சிருச்சு அதனால ரெண்டு பிட். இத மனப்பாடமா சொல்லாதீங்க, 1100, 1011ன்னு கீழ கீழ எழுதிக் காட்டுங்க. கேஎல் வட்டாரத்துல பங்சார் சவுத், கேஎல் சென்ட்ரல், சைபர்ஜெயா பக்கம் வெப், மொபைல், பேமென்ட், பேங்க் ஐடி வேலைதான் அதிகம், அங்க ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேக்கற மொழி) தெரிஞ்சிருக்கணும். சிங்கப்பூர் டீமுக்கு இங்கேருந்தே ஆள் எடுக்கறாங்கன்னா லீட்கோட்ங்கற பயிற்சி சைட்டுல மீடியம் அளவு கேள்விக்கு தயாரா போங்க.

இப்ப ஒரு கேள்விய எடுத்து முழுசா செஞ்சு பாப்போம், ஏன்னா பொதுவா பேசிக்கிட்டே இருந்தா ஒன்னும் வெளங்காது. கேள்வி இதுதான்: கடையில கஸ்டமர் ரொக்கமா கட்றாரு, பாக்கிய குடுக்கணும், நோட்ட விட்டுருங்க, சில்லறைய மட்டும் எவ்வளவு கம்மியான எண்ணிக்கை நாணயத்துல குடுக்கலாம்னு ஒரு ஃபங்ஷன் எழுதுங்க.

கேட்ட ஒடனே கீபோர்ட்ல கைய வெக்காதீங்க. கேள்வி கேளுங்க. தொகை வெள்ளில (ரிங்கிட்ல) புள்ளி போட்டு வருதா, இல்ல காசு (சென்) கணக்குல முழு நம்பரா வருதா? எந்தெந்த காசு இருக்கு? கல்லால ஒவ்வொன்னும் எவ்வளவு வேணும்னாலும் இருக்குன்னு வெச்சிக்கலாமா? எண்ணிக்கை மட்டும் போதுமா, இல்ல எந்த காசு எத்தனன்னு பட்டியல் வேணுமா? பாக்கி சைபர்னா என்ன ரிட்டர்ன் பண்ணணும்? இந்த அஞ்சு கேள்வி ரெண்டு நிமிஷம் எடுக்கும், ஆனா முதல் கட்டம் அங்கயே நெறஞ்சிருச்சு.

இதுல நம்ம நாட்டு விஷயம் ஒன்னு ஒளிஞ்சிருக்கு. 2008 ஏப்ரல்ல இருந்து ஒரு காசு நாணயம் புழக்கத்துல இல்ல, ரொக்கமா கட்டுனா மொத்த பில்ல பக்கத்து அஞ்சு காசுக்கு ரவுண்ட் பண்ணணும், 12.42ன்னா 12.40, 12.43ன்னா 12.45. மொத்தத்துலதான் பண்ணணும், சாமான் சாமானா இல்ல. 98 காசு சாமான் மூனு வாங்குனா மொத்தம் 2.94, ரவுண்ட் பண்ணா 2.95, ஆனா ஒவ்வொன்னா ரவுண்ட் பண்ணீங்கன்னா மூனு வெள்ளி ஆயிடும், கஸ்டமருக்கு அஞ்சு காசு நட்டம். கார்டுலயோ இ-வாலட்லயோ கட்டுனா ரவுண்டிங்கே கிடையாது. இத நீங்களா எடுத்துச் சொன்னீங்கன்னா எதிர்ல இருக்கறவரு நிமிந்து உக்காருவாரு, ஏன்னா வேலையில நாங்க தலைய பிச்சிக்கறது இந்த மாதிரி விஷயத்துலதான், மரத்த தலைகீழா கவுக்கற அல்காரிதத்துல இல்ல.

அடுத்தது புள்ளி போட்ட நம்பர். 4.35ஐ நூறால பெருக்கி முழு நம்பரா வெட்டுனீங்கன்னா 435 வராது, 434 வரும், ஏன்னா கம்ப்யூட்டருக்குள்ள அந்த பெருக்கல் 434.99999999999994ன்னு நிக்குது. பணம்னு கேள்வில வந்தாலே "நான் காசு கணக்குல இன்டீஜரா வெச்சிக்கறேன்"ன்னு சொல்லிட்டு போயிருங்க. ரவுண்டிங்கும் அப்புறம் ஒரு வரிதான், ரெண்ட கூட்டுங்க, அஞ்சால வகுத்து மீதிய விட்டுருங்க, திரும்ப அஞ்சால பெருக்குங்க.

சரி இப்ப தீர்வு. எல்லாரும் சொல்றது கிரீடி, பெரிய காசுல இருந்து எடுத்துக்கிட்டே வா, 50, 20, 10, 5. நம்ம காசுக்கு அது சரியா வரும். ஆனா கொஞ்சம் வெவரமான இன்டர்வியூவரா இருந்தா அங்கதான் புடிப்பாரு, 20 அம்பதுக்குள்ள சரியா போகாதே, அப்புறம் எப்படி சரின்னு சொல்றீங்க? இதுக்கு பெரிய கணக்கு வேணாம். கம்மியா குடுக்கற எந்த விடையிலயும் அஞ்சு காசு ஒன்னுக்கு மேல இருக்காது, ரெண்டு இருந்தா ஒரு பத்தா மாத்திடலாம். பத்து காசும் அதே மாதிரி ஒன்னுக்கு மேல இருக்காது. இருவது மூனு இருக்காது, அறுவத 50ம் 10மா ரெண்டு காசுல குடுத்துடலாம். ரெண்டு இருவதும் ஒரு பத்தும் சேந்து இருக்காது, அது ஒரே அம்பது. அப்ப அம்பது இல்லாத மிச்சம் அதிகபட்சம் 20, 20, 5, மொத்தம் 45தான், அம்பத தொடவே தொடாது. அதனால அம்பது எவ்வளவு போகுமோ அவ்வளவு எடுத்தே ஆகணும். முடிஞ்சிச்சு. இத வாயால சொல்ல ஒரு நிமிஷம், ஃபார்ம்ல அரைப் பக்கம்.

ஒடனே அடுத்த கேள்வி வரும், வந்தே தீரும்: நாளைக்கு 25 காசுன்னு ஒன்னு புதுசா விட்டா? இப்ப நாப்பது காசு பாக்கிக்கு கிரீடி 25, 10, 5ன்னு மூனு குடுக்கும், ஆனா ரெண்டு இருவது போதும். இந்த உதாரணத்த நீங்களே கண்டுபுடிச்சு சொன்னீங்கன்னா ரொம்ப நல்லது, கண்டுபுடிக்க முடியலன்னா "கிரீடி இங்க ஒடையுமான்னு சின்ன தொகைல இருந்து பாக்கறேன்"ன்னு சொல்லிட்டு சத்தமா பாருங்க. அப்புறம் டைனமிக் ப்ரோகிராமிங்கு போங்க, பேருதான் பயமுறுத்தும், சமாச்சாரம் ஒரு வரிசை பொட்டிதான்: ஒவ்வொரு தொகைக்கும் கடைசியா போட்ட காசு எதுவா இருக்கும்னு எல்லாத்தையும் முயற்சி பண்ணி, மிச்சத்துக்கு முன்னாடியே கண்டுபுடிச்ச விடையில ஒன்ன கூட்டி, அதுல கம்மியானத எழுதணும். அஞ்சுக்கு 1, பத்துக்கு 1, பதினஞ்சுக்கு 2, இருவதுக்கு 1, இருவத்தஞ்சுக்கு 1, முப்பதுக்கு 2, முப்பத்தஞ்சுக்கு 2. நாப்பதுக்கு வரும்போது கடைசி காசு 25ன்னா மிச்சம் பதினஞ்சு, அதுக்கு 2, ஆக மூனு. கடைசி காசு 20ன்னா மிச்சம் இருவது, அதுக்கு 1, ஆக ரெண்டு. ரெண்டுதான் விடை. இந்த வரிசைய எழுதிக் காட்டிட்டு அப்புறம் கோட் எழுதுனா கோட் தானா வரும், எழுதாம நேரா கோட் எழுதுனா இன்டெக்ஸ் ஒன்னு அங்கயோ இங்கயோ தப்பி பதினஞ்சு நிமிஷம் போயிடும்.

எழுதி முடிச்சதும் "முடிஞ்சது"ன்னு சொல்லாதீங்க. கோட்ட ஒரு வரி ஒரு வரியா ஒரு சின்ன இன்புட் போட்டு ஓட்டிக் காட்டுங்க, வேரியபிள் பேரு எழுதி பக்கத்துல மதிப்ப எழுதி அடிச்சு மாத்தி. சைபர், ஒரே காசு, குடுக்கவே முடியாத தொகை, மூனையும் போட்டுப் பாருங்க. தப்பு உங்க கண்ணுல பட்டு நீங்களே திருத்துனா அது மைனஸ் இல்ல லா, டெஸ்ட் கட்டத்துல அது பிளஸ்.

வேகம் பத்தி கேப்பாங்க. லிஸ்ட் நீளத்தோட வேல எப்படி கூடுதுன்னு காட்டற O(n) மாதிரி சூத்திரத்த ஒப்பிக்கறத விட நம்பர் போட்டு சொல்லுங்க: லிஸ்ட்ல ஒரு லட்சம் இருந்து ரெண்டு லூப் ஒன்னுக்குள்ள ஒன்னு போட்டா ஆயிரம் கோடி தடவ, பைத்தான்ல அத ஓட விட்டுட்டு மாமாக் கடையில தே தாரிக் குடிச்சிட்டு வரலாம். ஹேஷ்மேப் (சாவிய சொன்னதும் அதோட மதிப்ப ஒடனே எடுத்துத் தர்ற பட்டியல்) போட்டா ஒரு லட்சம்தான். அதே மாதிரி நீங்க எடுத்த லேங்குவேஜோட குணம் தெரிஞ்சிருக்கணும், பைத்தான் லிஸ்ட்ல முன்னாடி இருந்து பாப் பண்ணா (எடுத்தா) மிச்ச எல்லாம் ஒரு எடம் நகரும், கியூ (முதல்ல வந்தது முதல்ல போற வரிசை) வேணும்னா டெக் (deque) போடுங்க. பைத்தான்ல ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே கூப்புடறது) ஆயிரம் ஆழத்துகிட்ட நின்னுடும், அதுதான் டீஃபால்ட். ஜாவால லூப்புக்குள்ள ஸ்ட்ரிங்க கூட்டிக்கிட்டே போகாதீங்க, ஸ்ட்ரிங்பில்டர் எதுக்கு இருக்கு?

பைனரி சர்ச் (வரிசையா இருக்கற லிஸ்ட பாதி பாதியா வெட்டி தேடறது) கேட்டா நடுவ கண்டுபுடிக்கற வரியில கொஞ்சம் நில்லுங்க. லோவையும் ஹையையும் (தேடற பகுதியோட ரெண்டு மொனை) கூட்டி ரெண்டால வகுத்தா, கூட்டல் 2,147,483,647ஐ தாண்டுனா ஜாவால உருண்டு மைனஸா போயிடும், சி லேங்குவேஜ்ல என்ன ஆகும்னு உத்தரவாதமே இல்ல. ஜாவா லைப்ரரியிலயே இந்த பக் வருஷக்கணக்கா இருந்துச்சு, 2006ல அந்த கோட்ட எழுதுன ஜோஷுவா ப்ளாக்கே எடுத்து எழுதுனப்பதான் எல்லாருக்கும் தெரிஞ்சுது. ஹையில இருந்து லோவ கழிச்சு, பாதியாக்கி, லோவோட கூட்டுங்க. பைத்தான்ல இந்த பிரச்சினையே இல்ல, ஆனா ஏன் இல்லன்னு சொல்ல தெரிஞ்சா நல்லது.

எஸ்க்யூஎல்ல நம்ம ஆளுங்க அசால்ட்டா இருப்பாங்க, அங்கதான் கவுறாங்க. ரெண்டாவது பெரிய சம்பளம் யாருதுன்னு கேட்டா, மொதல்ல இருக்கற ரெண்டு பேரு ஒரே சம்பளம் வாங்குனா என்னன்னு கேளுங்க, ஒரே ஒரு ஆள்தான் டேபிள்ல இருந்தா என்ன காட்டணும்னு கேளுங்க. லெஃப்ட் ஜாயின் (ஜோடி இல்லன்னாலும் இடது டேபிள் வரி எல்லாத்தையும் வெச்சிக்கற இணைப்பு) போட்டுட்டு வலது டேபிள் காலத்த (column) WHEREல ஃபில்டர் பண்ணாதீங்க, ஜோடி இல்லாத வரியில அந்த column காலியா (NULL) இருக்கறதால அதெல்லாம் விழுந்து, ஜோடி இருக்கற வரி மட்டும் வர்ற இன்னர் ஜாயின் மாதிரி ஆயிடும். கண்டிஷன ONல வைங்க.

இப்ப பேச்சு. இங்கிலீஷ் சரளமா வராதுன்னு தமிழ்ப்பள்ளில படிச்ச பிள்ளைங்க நிறைய பேரு தயங்கறாங்க, அந்த தயக்கத்தாலதான் வாயே தொறக்கறதில்ல. நெசமா சொல்றேன், கேஎல்ல யாரும் உங்க இலக்கணத்துக்கு மார்க் போடல, எதிர்ல இருக்கற சீன மேனேஜரு பேசறதும் மலாய்க்கார லீட் பேசறதும் அதே கலப்பட இங்கிலீஷ்தான். முதல் ஒரு வாரம் தமிழ்லயே சத்தமா பேசி கோட் போடுங்க, யோசன வாய்க்கு வர பழகட்டும். அப்புறம் அதே கணக்க இங்கிலீஷ்ல சொல்லிப் பாருங்க. அடிக்கடி தேவப்படற பத்து பன்னெண்டு வாக்கியம் கையில இருந்தா போதும்: "லெட் மி ட்ரை எ ஸ்மால் எக்ஸாம்பிள் ஃபர்ஸ்ட்", "கேன் ஐ அஸ்யூம் தி இன்புட் இஸ் சார்டட்?", "திஸ் வொர்க்ஸ் பட் இட்ஸ் ஸ்லோ, லெட் மி இம்ப்ரூவ் இட்". போன்ல ரெக்கார்ட் பண்ணி கேட்டுப் பாருங்க, கூச்சமாதான் இருக்கும், இருந்தாலும் கேளுங்க, எங்க நீங்க மௌனமா போறீங்கன்னு அதுலதான் தெரியும்.

மாட்டிக்கிட்டா என்ன செய்யறது? ரெண்டு நிமிஷத்துக்கு மேல சத்தமில்லாம இருக்காதீங்க. எது தெரியும், எங்க நிக்குதுன்னு சொல்லுங்க: "ரெண்டு லூப்ல செய்ய தெரியுது, உள்ள இருக்கற லூப் திரும்ப திரும்ப ஒரே விஷயத்த தேடுது, அத எங்கயாவது சேத்து வெக்க முடியுமான்னு பாக்கறேன்". இப்படி சொல்லிட்டாலே பாதி நேரம் எதிர்ல இருக்கறவரு ஒரு க்ளூ குடுப்பாரு, குடுத்தா ரோஷப்படாம புடிச்சிக்கங்க. க்ளூ குடுத்தும் காதுல வாங்காம தன் வழியிலயே போறவங்களதான் "கூட வேலை செய்ய முடியுமா" கட்டத்துல நாங்க கொறச்சு எழுதுவோம். மெதுவான தீர்வு தெரிஞ்சா அத முதல்ல ஓட வைங்க, அரைகுறையா நிக்கற புத்திசாலி கோட்ட விட ஓடற மக்கு கோட் மேல்.

முன்னாடியே பாத்த கேள்வி வந்தா "இத நான் பாத்திருக்கேன்"ன்னு சொல்லிருங்க. நடிக்கறது தெரியும் லா, யோசிக்காமயே தடால்னு சரியான தீர்வு வந்தா யாருக்கும் தெரியும். சொன்னா வேற கேள்வி குடுப்பாங்க, இல்ல அதையே வெவரமா கேப்பாங்க, ரெண்டும் உங்களுக்கு நல்லதுதான். சாட்ஜிபிடி மாதிரி டூல் விஷயமும் அதே, சில கம்பெனி வெச்சிக்கோன்னு சொல்லும், சில கம்பெனி கூடவே கூடாதுன்னு சொல்லும், கேட்டுட்டு அது படி செய்யுங்க. பக்கத்து ஸ்கிரீன்ல இருந்து படிக்கற கண்ணு கேமராவுல பளிச்சுன்னு தெரியும்.

புதிர்க் கேள்வி பத்தி ரொம்ப கவலப்படாதீங்க. கூகுள்ல எச்ஆர் பக்கத்துக்கு தலைவரா இருந்த லாஸ்லோ போக் 2013லயே அதெல்லாம் நேர விரயம்னு வெளிப்படையா சொல்லிட்டாரு, ஃப்ளைட்டுக்குள்ள எத்தன கோல்ஃப் பந்து போகும்னு கேட்டு யாரு நல்லா கோட் எழுதுவான்னு கண்டுபுடிக்க முடியாதுன்னு. இன்னும் இங்க சில பேரு கேக்கறாங்கதான், கேட்டா அளவ அனுமானிச்சு பெருக்கி சொல்லிட்டு போங்க.

பயிற்சிக்கு ஐநூறு கேள்வி போடணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஹேஷ்மேப், ரெண்டு பாயின்டர், ஸ்லைடிங் விண்டோ, ஸ்டாக், பைனரி சர்ச், பிஎஃப்எஸ் டிஎஃப்எஸ் (மரம் மாதிரி கெளச்ச டேட்டாவுல தேடற ரெண்டு வழி), ஹீப், கொஞ்சம் டைனமிக் ப்ரோகிராமிங், ஒவ்வொன்னுலயும் ஏழெட்டு கேள்விய முழுசா, சத்தமா, டெஸ்டோட செஞ்சா ஜூனியர் வேலைக்கு தாராளம். வாரத்துக்கு ரெண்டு தடவ ஒரு கூட்டாளிய புடிச்சு மாத்தி மாத்தி இன்டர்வியூ எடுங்க, ப்ரிக்ஃபீல்ட்ஸ்ல ஏதாவது கடையில உக்காந்து பேப்பர்லயே செய்யலாம். எடுக்கறவரு கடைசில அந்த அஞ்சு கட்டத்துக்கும் ரெண்டு ரெண்டு வரி எழுதி உங்க கையில குடுக்கணும். எந்த கட்டம் காலியா வருதோ அடுத்த வாரம் அததான் பழகணும்.

நேர்ல போறதா இருந்தா பங்சார் சவுத்துக்கு எல்ஆர்டி புடிங்க, கெரிஞ்சில எறங்கி நடக்கலாம், ஃபெடரல் ஹைவேய நம்பி கார எடுக்காதீங்க. பட்டர்வொர்த் பக்கம் இருந்து பயான் லெப்பாஸ் போறவங்க காலைல பாலத்துக்குன்னு தனியா நேரம் ஒதுக்கணும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. வீட்டுல இருந்து ஆன்லைன்னா மத்தியானத்துக்கு மேல மழை இடின்னா வைஃபை போகலாம், போன் ஹாட்ஸ்பாட்ட முன்னாடியே இணைச்சுப் பாத்து வைங்க. லைன் கட்டாயிருச்சுன்னா பதறாம எச்ஆருக்கு வாட்ஸப் போட்டு திரும்ப உள்ள வாங்க, யாரும் அதுக்கு மார்க் கொறைக்கறதில்ல.

கடைசில "எதாவது கேள்வி இருக்கா"ன்னு கேப்பாங்க. சம்பளத்த எச்ஆர்கிட்ட விட்டுருங்க, இவர்கிட்ட வேலைய கேளுங்க: கோட் ரிவ்யூ யாரு பாக்கறாங்க, ராத்திரி சிஸ்டம் விழுந்தா யாருக்கு போன் வரும், போன மாசம் டீம் எதுல ரொம்ப நேரம் செலவழிச்சீங்க. பதில் சொல்றப்ப அவரு முழிக்கறாரா சிரிக்கறாரான்னு பாருங்க, நீங்களும்தான் அவங்கள இன்டர்வியூ எடுக்கறீங்க.

வீட்டுக்கு வந்ததும் கேட்ட கேள்வி எல்லாத்தையும் அன்னிக்கி ராத்திரியே எழுதி வைங்க, விட்ட எடத்த மறுநாள் உக்காந்து முடிங்க, அதே கேள்வி அடுத்த ரவுண்டுல வேற சட்ட போட்டு வரும். ஒரு வாரம் ஆகியும் பதில் இல்லன்னா எச்ஆருக்கு நாலு வரி மெயில் போடுங்க. இல்லன்னு சொல்லிட்டா எந்த பகுதில வீக்கா இருந்தேன்னு ஒரு தடவ கேளுங்க, சில பேரு சொல்ல மாட்டாங்க, சொல்றவங்க அந்த ஃபார்ம்ல இருந்துதான் படிச்சு சொல்லுவாங்க. எத்தன மாசம் கழிச்சு திரும்ப அப்ளை பண்ணலாம்னும் அதே மெயில்ல கேட்டுருங்க.